தோளில் இருந்த கை

கமலாம்பிகையைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். அவள் எந்தச் சங்கத்துக்கும் தலைவி இல்லை, எந்த மேடையிலும் பொன்னாடை வாங்கியதில்லை. கனடாவில், வோபர்னில் பதினோராம் மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு, பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. கணவர் சண்முகநாதன் பக்கத்து ஊரான மார்க்கத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் காவலாளி. அவர் வாசிப்பது வானிலை அறிக்கை மட்டும். வெளியில் தெரிந்தது இவ்வளவுதான். செத்தவர்களைப் பற்றி நாங்கள் புத்தகமே அடிக்கிறோம். உயிரோடு இருக்கிற ஒருத்தியைப் பற்றி நாலு பக்கம் எழுதினால் என்ன, குடியா முழுகிவிடும்?

என் பெயர் கிளடிஸ். அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவில், நகைக்கடைக்கும் பயண முகவர் கடைக்கும் நடுவில், சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கலியாண அட்டை, பெண் பிள்ளை பெரியவளானால் அடிக்கிற சாமத்திய வீட்டு அட்டை, கல்வெட்டு, இவைதான் என் சோறு. கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதல்ல. ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம். அட்டையில் செத்தவரின் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, தேவாரம், பிள்ளைகள் புலம்புவதாக ஒரு பாட்டு, கடைசிப் பக்கத்தில் நன்றி. வரலாற்றை யார் எழுதினார் என்று போடும் வழக்கமில்லை. என் அச்சகத்தில் அடித்த கல்வெட்டுகளில் அறுபது எழுபதை எழுதியவள் கமலாம்பிகை. கோபக்காரக் கிழவர்களையெல்லாம் கருணைக் கடலாக்கி அனுப்பியிருக்கிறாள்.

அது பின்னால் வந்த வேலை. முதலில் அவள் என்னிடம் வந்தது தொண்ணூற்றேழாம் ஆண்டு, கையில் ஒரு கட்டுத் தாளோடு. தொழிற்சாலையில் வாராவாரம் ஒட்டுகிற ஷிப்ட் அட்டவணைத் தாள்கள். அவற்றின் பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து.

"கிளடிஸ் அக்கா, இதை வாசிச்சுப்போட்டு என்னை ஒண்டும் கேக்கக் கூடாது," என்றாள்.

வாசித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் என் தேநீர் ஆறிப்போய்விட்டது. ஒரு பெரிய வீடு. ஒருவன் ஒருத்தியை அறையில் பூட்டி வைக்கிறான். அவன் கொடியவன், அழகன், வார்த்தைகளை எண்ணிப் பேசுகிறவன். அவள் அவனை வெறுக்கிறாள். போகப் போக அந்த வெறுப்புக்குள்ளேயே வேறொன்றும் முளைக்கிறது, அது அவளுக்கே பயமாக இருக்கிறது. இந்த மாதிரிக் கதையை இங்கே பிறந்த பிள்ளைகள் டார்க் ரொமான்ஸ் என்கிறார்கள், புத்தகக் கடையில் அதற்கென்று தனி அலுமாரியே இருக்கிறது. அப்போது எங்களிடம் அதற்குப் பெயர் இல்லை. பெயர் தெரியாததற்கு எங்கள் ஆட்கள் வைக்கிற பெயர் குப்பை.

புனைபெயர் நிலாசுதன் என்றாள். ஏன் ஆண் பெயர் என்று கேட்டேன்.

"பொம்பிளை எழுதினது எண்டால் அது அவளின்ர சொந்தக் கதை எண்டு சொல்லுவினம். ஆம்பிளை எழுதினால் கற்பனை எண்டு சொல்லுவினம்."

பதிப்பாளர் கிடையாது, வெளியீட்டு விழா கிடையாது, குத்துவிளக்கு கிடையாது. அவளே எழுதி, நான் அடித்து, சண்முகநாதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் போய் மளிகைக் கடைகளில் கொடுத்து வருவார். ரெலிபோன் கார்ட் தொங்கும் தட்டுக்குக் கீழே வைப்பார்கள். பெண்கள் வாங்கி முருங்கைக்காய்ப் பைக்குள் தாழ்த்துவார்கள். முன்னூறு பிரதி ஆறு வாரத்தில் முடியும். ஒரு அம்மா என் கடைக்கே வந்து, நிலாசுதன் கலியாணம் முடித்தவரா என்று விசாரித்தார். இப்படி 'பூட்டிய வீட்டில் ஒரு பூ' தொடங்கி, 'சாவியைக் கேட்காதே' வரை பதினொரு நாவல்.

அவளுக்கு ஒரு விதி இருந்தது. எந்த நாவலிலும் அறைச் சாவி கலண்டருக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். ஆறாம் அத்தியாயத்தில் அதை அந்தப் பெண் எடுத்துவிடுவாள். அதற்குப் பிறகுதான் காதல். "ஏன் இவ்வளவு அவசரமாச் சாவியைக் குடுக்கிறீர்? கொஞ்சம் இழுத்தால் சனம் இன்னும் ஆவலா வாசிக்குமே," என்று ஒருமுறை பகிடியாகக் கேட்டேன்.

"சாவி கையில இல்லாதவள் சொல்லுற ஓம், ஓம் இல்லை அக்கா," என்றாள்.

"சரி, ஏன் எப்பவும் கலண்டருக்குப் பின்னால? ஒருக்கா அரிசிப் பானைக்குள்ள வையுமன்."

அவள் அடுத்த தாளை எடுத்துப் பிழை பார்க்கத் தொடங்கினாள். நான் கேட்டதை மறந்துவிட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்பது பிறந்ததிலிருந்து எங்கள் ஆட்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. வன்னியில் சனம் ஒரு துண்டு நிலத்துக்குள் ஒதுங்கிக்கொண்டிருந்தது. இங்கே நாங்கள் டவுன்டவுனில் கைகோர்த்து நின்றோம், மழைக்குள் நின்றோம், மே மாதம் நெடுஞ்சாலையில் ஏறியும் நின்றோம். கமலாம்பிகை வேலை முடிந்து தொழிற்சாலைச் சப்பாத்தோடு நேரே சப்வே பிடித்து வருவாள். பன்னிரண்டாவது நாவல் ஐந்தாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. கேட்டால், கை வருகுதில்லை என்பாள்.

சித்திரையில் ஒருநாள் சண்முகநாதன் வாடகை வானில் எட்டுப் பெட்டிகளைக் கொண்டுவந்து என் கடைக்குள் இறக்கினார். எல்லாம் நிலாசுதன். கடைகள் திருப்பி அனுப்பிவிட்டன.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அடுத்த சந்தியில் இருந்த மளிகைக் கடைக்குப் போனேன்.

"மகேஸ்வரன் அண்ணை சொல்லிப்போட்டார் அக்கா," என்றான் கடைக்காரன். "இந்த நேரத்தில உது சரியில்லையாம்."

"உந்தப் பட டீவீடி சரியோ? அட்டையில நிக்கிறவளுக்கு உடுப்பு எங்க? உந்த லொத்தர்ச் சீட்டுச் சரியோ?"

"அது வியாபாரம் அக்கா."

நான் அங்கே வாங்க எடுத்த வெங்காயத்தைத் தட்டிலேயே கொட்டிவிட்டு வந்தேன். இன்றுவரைக்கும் அந்தக் கடைப் படி மிதிக்கவில்லை.

மகேஸ்வரன் யாரென்றால், கமலாம்பிகையின் ஊர்ச் சங்கத் தலைவர். ஐம்பத்தேழு வயது, வெள்ளைச் சேட்டு, வீட்டில் உப்புக் கேட்டாலும் முன்னால் மைக் இருப்பது போலத்தான் கேட்பார். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் மூன்றாம் வரிசையில் இருந்தோம். நிவாரணம் பற்றிப் பேசவேண்டிய மனிதர் கால் மணித்தியாலம் நிலாசுதனைப் பற்றிப் பேசினார்.

"அங்க எங்கட பெண் பிள்ளையள் சாகுதுகள். இஞ்ச ஒருத்தன் பெண்ணை அறையில பூட்டி வைச்சுக் காதலிக்கிறானாம்! எங்கட குடும்பங்களில இப்பிடி ஒரு அசிங்கம் நடந்திருக்குதோ? எந்த வக்கிரம் பிடிச்ச மூளையில உது உதிச்சது? ஆரெண்டு தெரிஞ்சால் செருப்பால அடிப்பன்."

கை தட்டினார்கள். அவர்களில் எத்தனை பேரின் மனைவிமார் என்னிடம் அடுத்த நாவல் எப்போது என்று கேட்டவர்கள் என்று எனக்குத் தெரியும். சொன்னேனா? இல்லை. அச்சகக்காரி வாயைத் திறந்தால் கடையை மூடவேண்டியதுதான்.

"உந்த மனிசன் ஒரு பக்கமாவது வாசிச்சிருக்குமோ?" என்று அவள் காதுக்குள் கேட்டேன்.

"வாசிச்சிருக்கமாட்டார்," என்றாள் கமலாம்பிகை. "வாசிச்சிருந்தால் வேற மாதிரிக் கோவிச்சிருப்பார்."

மே மாதம் எல்லாம் முடிந்தது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எங்கள் ஆட்களுக்கு எழுதிக்காட்டத் தேவையில்லை.

ஜூன் முதல் வாரம் மகேஸ்வரன் என் கடைக்கு வந்தார். அன்று அவர் குரலில் மைக் இல்லை. சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டாமல் வந்திருந்தார். தங்கை ரதி மே பதினாலாம் திகதி முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்து செத்துப்போனாளாம், வவுனியாவிலிருந்து கடிதம் வந்ததாம். நாற்பத்துநாலு வயது. உடலும் இல்லை, சாம்பலும் இல்லை. கல்வெட்டாவது முறையாக அடிக்கவேண்டும் என்றார். கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்தேன். எட்டுப் பெட்டியும் பின்னறையில் கிடந்தன. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

பிறகு ஓர் உறையிலிருந்து படத்தை எடுத்தார்.

ஸ்ரூடியோவில் எடுத்த கலர்ப் படம். ஓரம் ஈரத்தில் ஊறிக் காய்ந்திருந்தது. நடுவில் நாற்காலியில் பச்சைச் சேலையோடு ரதி. பக்கத்தில் ஓர் ஆண், கட்டை மீசை. ரதிக்குப் பின்னால் ஒரு பெண் பிள்ளை நின்று, வலது கையைத் தாயின் தோளில் வைத்திருந்தாள்.

"கிளடிஸ்," என்றார் மகேஸ்வரன், "உதில இருக்கிற மற்ற ஆக்களை வெட்டிப்போட்டு ரதியை மட்டும் எடுங்கோ. அந்தக் கையையும் அழிச்சு, சேலையை நிரப்பிவிடுங்கோ. கொம்பியூட்டரில செய்யலாந்தானே?"

செய்யலாம். எத்தனையோ படத்தில் செய்திருக்கிறேன். கலியாண வீட்டுப் படத்திலிருந்து ஒருவரைப் பிரித்தெடுத்து, பின்னால் நீல வானத்தைப் போட்டு, அவரைத் தெய்வமாக்குவது எங்கள் தொழில்.

"பெயர்?"

"செல்வி ரதி."

"செல்வியோ?"

"ஓம். கலியாணம் முடிக்கேல்லை. கமலாம்பிகையிட்டச் சொல்லி எழுதுவியுங்கோ. அவ எங்கட ஊர்ப் பிள்ளை, எங்கட வேலிக்கு அடுத்த வீடு. அவவுக்கு எல்லாம் தெரியும்."

அவர் போனபிறகு படத்தைத் திருப்பினேன். பின்பக்கம் நீல மையில், பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்து: 'அம்மா, அப்பா, நான். கிளிநொச்சி, 2007. மாமா, அப்பா சித்திரையில் போய்விட்டார். இப்போது நான் மட்டும்தான். என்னைக் கூப்பிடுங்கோ. சிவானி அலெக்ஸாண்டர், வவுனியா முகாம், வலயம் 4.'

இதை அந்த மனிதர் திருப்பிப் பார்க்காமல் கொண்டுவந்திருப்பாரா? பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்தார். பின்பக்கத்தை யாரும் அச்சடிப்பதில்லைத்தானே.

வேலை முடிந்து வந்த கமலாம்பிகையிடம் கொடுத்தேன். முன்பக்கத்தைப் பார்த்தாள், பின்பக்கத்தை வாசித்தாள். காகிதக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரதி செத்தது அவளுக்கு அப்போதுதான் தெரியும். ஒரு மணித்தியாலம் அழுதாள். பிறகு, பன்னிரண்டு வருடமாகச் சொல்லாததைச் சொன்னாள்.

எண்பத்தேழாம் ஆண்டு ரதிக்கு இருபத்திரண்டு வயது. அலெக்ஸாண்டர் கரையூர்ப் பக்கத்துப் பையன், வேதக்காரன், வலை முதலாளியிடம் கணக்கெழுதியவன். கடிதம் பிடிபட்டது. மகேஸ்வரன் தங்கையை மேற்கு அறையில் போட்டுப் பூட்டினார். நாலு மாதம். சோற்றுக் கோப்பை யன்னலால் போகும், யன்னலால் வரும். ஊருக்கே தெரியும், ஊர் ஒன்றும் கேட்கவில்லை. சாவி முன் விறாந்தையில் ஒரு சாமிக் கலண்டருக்குப் பின்னால் தொங்கியது. கோயில் தேரன்று வீட்டார் எல்லாரும் போக, வேலிக்கு அடுத்த வீட்டுக் கமலாம்பிகையைக் காவலுக்கு இருத்தினார்கள். ரதியைவிட இரண்டு வயது மூத்தவள், நல்ல பிள்ளை, ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தவள்.

நல்ல பிள்ளை சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டு, மறுபடி பூட்டி, சாவியை ஆணியில் கொழுவிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வாசலில் இருந்து பூக் கட்டினாள். அலெக்ஸாண்டர் கள்ளச் சாவி போட்டான் என்று வீட்டார் முடிவுகட்டினார்கள். ரதியும் அவனும் வன்னிக்குப் போனார்கள். மகேஸ்வரன் பிறகு கனடா வந்து, அண்ணன் தம்பி ஆறு பேரையும் ஸ்பொன்சர் செய்து எடுத்தார். ரதியின் பெயரை மட்டும் எந்தப் படிவத்திலும் போடவில்லை.

"அப்ப நீர் பதினொரு தரமும் எழுதினது..."

"ரதியின்ர கதைதான் அக்கா. ஆனா அண்ணன் பூட்டினான் எண்டு எழுதினால் ஒருத்தரும் வாங்கமாட்டினம். அதுதான் பூட்டினவனைக் காதலன் ஆக்கினன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "காதலன் பூட்டினால் ஆபாசமாம். அண்ணன் பூட்டினால் மானமாம். இதென்ன நியாயம் அக்கா?"

அன்றிரவே அவள் இரண்டு பக்கம் எழுதினாள். கல்வெட்டு நடைதான், பூவும் பொட்டுமான தமிழ்தான். ஆனால் மேற்கு அறை இருந்தது, நாலு மாதம் இருந்தது, 'அலெக்ஸாண்டரைக் கைப்பிடித்து' இருந்தது, 'ஏக புத்திரி சிவானி' இருந்தது. மறுநாள் மகேஸ்வரன் என் மேசையில் நின்று வாசித்தார். முகம் கறுத்தது. நாலாகக் கிழித்தார்.

"பிள்ளை, நீர் ஊர்ப் பிள்ளை எண்டுதான் உம்மட்டைத் தந்தனான். செல்வி எண்டு போடும். தாய் தேப்பனுக்கு அடங்கி, கடைசி மட்டும் கோயில் தொண்டு செய்தவ எண்டு போடும்."

"அந்தப் பிள்ளைக்கு வேற ஆர் இருக்கினம் மகேஸ்வரன் அண்ணை? முகாமில சொந்தக்காரர் ஆரெண்டு கேப்பினம். மாமா எண்டு சொல்ல ஒரு ஆள் வேணுமெல்லோ?"

"எங்கட குடும்பத்தில அப்பிடி ஒரு பிள்ளை இல்லை. எழுத ஏலாதெண்டால் சொல்லும். சங்கத்து வேலை முழுக்க வேற அச்சகத்துக்குக் குடுக்கிறன்."

நான் வாயைத் திறக்குமுன் கமலாம்பிகை சொன்னாள்: "எழுதித் தாறன்."

அவர் போனதும் நான் அவள் மேல் பாய்ந்தேன். இருபத்திரண்டு வருடம் பொத்தி வைத்ததை இப்படி விற்கிறாயே என்றேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் இல்லையெண்டால் வேற ஆரும் செல்வி எண்டு எழுதிக் குடுப்பினம். அப்ப படமும் வேற ஆரின்ரையோ கைக்குப் போயிடும்," என்றாள். "எழுத்து அவரின்ர விருப்பம்போல போகட்டும். நீங்கள் ஒண்டு மட்டும் செய்யுங்கோ. அந்தக் கையை அழிக்காதையுங்கோ."

படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். அலெக்ஸாண்டரை வெட்டினேன். சிவானியின் முகத்தை வெட்டினேன். அதைச் செய்தது நான்தான், இதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. தோளுக்கு வந்தபோது நிறுத்தினேன். மெலிந்த நாலு விரல், பச்சைச் சேலையில் நன்றாக அழுந்தியிருந்தன. ஸ்ரூடியோக்காரன் கையை எடு என்று சொல்லியிருந்தாலும் எடுத்திருக்கமாட்டாள் போலிருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிழை பார்க்கக் கொடுக்கும் பிரதியைக் கறுப்பு வெள்ளையில், மலிவுத் தாளில்தான் எடுப்போம். அட்டை மட்டும் கடைசியில் கலரில் வரும். கறுப்பு வெள்ளையில் பச்சைச் சேலையும் மாநிறக் கையும் ஒரே சாம்பல். மகேஸ்வரன் எழுத்தைத்தான் உற்றுப் பார்த்தார். 'செல்வி' இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். படத்துக்குக் கீழே 'சரி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்தப் பிரதி இன்றும் என் மேசை லாச்சியில் பத்திரமாக இருக்கிறது.

ஜூன் பதின்மூன்று சனிக்கிழமை. கோயில் மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருக்கும். பூசை முடிந்து, வடை பாயசத்தோடு சாப்பாடு நடந்தது. வாசலில் தட்டத்தில் கல்வெட்டுகளை அடுக்கி, வருகிறவர் ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்கள். கலர் அட்டை நன்றாக வந்திருந்தது. 'செல்வி ரதி' என்ற எழுத்துக்கு மேலே, தோளில் ஒரு கை.

முதலில் எல்லாரும் வடையில்தான் கண்ணாக இருந்தார்கள். பிறகு மேசைகளில் அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். கிறிஸ்துநாயகம் மாஸ்டர் என்று ஒருவர், மகேஸ்வரனோடு ஊரில் படிப்பித்தவர், கண்ணாடியைத் தூக்கிவிட்டு உரக்கவே கேட்டார்.

"மகேஸ்வரன், இது ஆரின்ர கை?"

மகேஸ்வரன் அட்டையை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். "அது... அது அச்சகத்தில விட்ட பிழை மாஸ்டர்," என்றார்.

பிழையாம்! பதினாறு வயதுப் பிள்ளையின் கை, என் அச்சகத்தின் பிழையாம். நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன். எனக்கு முன்னால் கமலாம்பிகை எழும்பிவிட்டாள். கையில் பாயசக் கோப்பை.

"பிழை இல்லை மாஸ்டர். அது ரதியின்ர மகளின்ர கை. பெயர் சிவானி. தேப்பன் அலெக்ஸாண்டர். ரெண்டு பேரும் செத்திட்டினம். பிள்ளை வவுனியாவில முள்ளுக்கம்பிக்குள்ள இருந்துகொண்டு, மாமா என்னைக் கூப்பிடுங்கோ எண்டு இவருக்கு எழுதியிருக்கிறாள். இவர் செல்வி எண்டு அடிப்பிச்சிருக்கிறார்."

"வாயை மூடும்!" மகேஸ்வரனுக்கு மைக் திரும்பி வந்துவிட்டது. "உமக்கென்ன தெரியும்? அவன் கள்ளச் சாவி போட்டுத் திறந்து என்ர தங்கச்சியைக் கடத்திக்கொண்டு போனவன்."

"கள்ளச் சாவி இல்லை மகேஸ்வரன் அண்ணை. நல்ல சாவிதான். கலண்டருக்குப் பின்னால ஆணியில கிடந்தது. நாலு மாசம் நீங்கள் பூட்டி வைச்ச கதவை நான்தான் திறந்துவிட்டனான்."

மண்டபத்தில் ஆண்கள் மகேஸ்வரனைப் பார்த்தார்கள். பெண்கள் அவரைப் பார்க்கவில்லை. 'கலண்டருக்குப் பின்னால' என்ற சொல் விழுந்ததும், மேசைக்கு மேசை பெண்களின் தலை ஒவ்வொன்றாக நிமிர்ந்து கமலாம்பிகையின் பக்கம் திரும்பியதை நான் என் கண்ணால் கண்டேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. திறந்தால் வாசித்தது தெரிந்துவிடுமே. சோறு பரிமாறிக்கொண்டு நின்ற மகேஸ்வரனின் மனைவி தவமலர் மட்டும் அகப்பையை வாளிக்குள் விட்டுவிட்டார்.

"நிலாசுதன்?" என்றார்.

"ஓம் அக்கா," என்றாள் கமலாம்பிகை. "நான்தான்."

செருப்பால் யாரும் அடிக்கவில்லை. மகேஸ்வரன் மண்டபத்தை விட்டுப் போனார். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். எங்கள் ஆட்கள் பாயசத்தை விட்டுவிட்டு எதற்கும் எழும்பமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை தவமலர் என் கடைக்கு வந்தார். கமலாம்பிகையும் இருந்தாள். தவமலர் கைப்பையிலிருந்து சிவானியின் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதுக்கு ஒரு பதில் எழுதித் தாரும் பிள்ளை. மாமா எழுதிற மாதிரி. நான் கையெழுத்து வாங்கித் தாறன்."

"இனி மற்றவையின்ர பெயரில ஒண்டும் எழுதமாட்டன் அக்கா. அவரே எழுதட்டும்."

"அவர் மூண்டு நாளா பேஸ்மெண்ட் அறைக்குள்ள கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார். இண்டைக்கு நான் வெளியால பூட்டிப்போட்டு வந்திட்டன். எழுதினாத்தான் திறப்பன் எண்டும் சொல்லிப்போட்டன்."

எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. "நல்லாப் பூட்டுங்கோ," என்றேன். நாலு மணித்தியாலமாவது உள்ளே இருந்து பார்க்கட்டும் என்றுதான் எனக்குப் பட்டது. கமலாம்பிகை சிரிக்கவில்லை.

"போய்த் திறந்துவிடுங்கோ அக்கா. பூட்டுக்குள்ள இருந்து வாற கடிதம் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம். கதவை நல்லாத் திறந்துபோட்டு, படத்தையும் பேனையையும் முன்னால வைச்சிட்டு வாங்கோ."

வெள்ளிக்கிழமை தவமலர் கடிதத்தோடு வந்தார். மகேஸ்வரனின் கையெழுத்துத்தான், சங்க அறிக்கைகளில் நான் பார்த்துப் பழகிய சாய்ந்த எழுத்து. நாலே நாலு வரி. இருபத்திரண்டு வருடத்துக்கு நாலு வரி! 'என் மருமகள் சிவானிக்கு' என்று தொடங்கியிருந்தது. அம்மாவின் காரியம் முடிந்தது, நான் உன் மாமா, உன்னைப் பொறுப்பெடுக்க எழுதிக் கொடுத்திருக்கிறேன், தைரியமாக இரு. கீழே கையெழுத்து, வீட்டு ரெலிபோன் இலக்கம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரி, போகட்டும், இதாவது வந்ததே என்று நினைத்தேன்.

கமலாம்பிகை இரண்டுமுறை வாசித்தாள். மடித்து, தவமலரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அலெக்ஸாண்டர் எண்டு ஒரு பெயர் குறையுது. அந்தப் பிள்ளைக்குத் தேப்பனும்தான் செத்தது. அதையும் எழுதட்டும்."

"பிள்ளை, இவ்வளவு எழுதினதே பெரிய காரியம்," என்றார் தவமலர்.

"கதவு திறந்துதானே இருக்குது அக்கா? பிறகென்ன, நடந்து வெளியில வரட்டும்."

தவமலர் கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்துத் தரிப்புக்கு நடந்தார். கமலாம்பிகை அன்று மாலை என் மேசையிலேயே இருந்து, ஷிப்ட் அட்டவணைத் தாளொன்றைத் திருப்பிப் போட்டு, ஆறாம் அத்தியாயத்தைத் தொடங்கினாள். முதல் தாளின் தலைப்பில் தன் சொந்தப் பெயரை எழுதினாள்.

அடுத்த புதன்கிழமை தவமலர் கடிதத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். இப்போது ஐந்து வரி இருந்தது.